‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்; இனி எனக்கு வழி இருக்கிறதா?

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 2021 ஆகஸ்ட் மாதம் முதல் பணியாற்றும் 33 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கடந்த ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய குழுவுக்குப் புதிய மேலாளர் வந்தார். அதுவரை ஒவ்வோர் ஆண்டும் நல்ல மதிப்பீடு பெற்றுவந்த வாசகி, காலைக் கூட்டங்களில் எல்லோர் முன்னிலையிலும் ஏளனம் செய்யப்பட்டார். இரவு 11 மணிக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வேலை வந்தது. மறுநாள் காலைக்குள் முடிக்காவிட்டால் அதையே காரணம் காட்டிக் குழுவினர் அனைவருக்கும் மின்னஞ்சல் போனது. அக்டோபர் அப்ரைசலில் மிகக் குறைந்த மதிப்பீடும், அதைத் தொடர்ந்து, குறித்த காலத்துக்குள் வேலைத்தரத்தை உயர்த்திக் காட்டச் சொல்லும் 60 நாள் பி.ஐ.பி.யும் வந்தன. அந்த 60 நாள் முடியும் தறுவாயில், டிசம்பர் நடுவில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஹெச்.ஆர். அறைக்கு அழைக்கப்பட்டார். கைபேசியை வெளியே வைக்கச் சொன்னார்கள். “ஒரு மணி நேரத்தில் நீங்களாக ராஜினாமா செய்யுங்கள், இல்லையென்றால் டெர்மினேஷன் லெட்டர் தருவோம், அப்புறம் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் எந்தக் கம்பெனியும் உங்களை எடுக்காது” என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அழுதுகொண்டே வீடு திரும்பியிருக்கிறார். 90 நாள் நோட்டீஸ் காலம் மார்ச் நடுவில் முடிகிறது.

2024இல் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனபோது மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 3 லட்சம் ரூபாய் கட்டுவதாகப் பாண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது அந்தத் தொகையையும் கேட்கிறார்கள். “ஐ.டி. வேலைக்குச் சட்டமே கிடையாதும்மா, விட்டுத் தொலை” என்கிறார் தந்தை. வீட்டுக்கடன் இ.எம்.ஐ. இருப்பதால் மார்ச் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்கிறார் கணவர். வாசகிக்கோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அந்த மேலாளரை ஒருநாளாவது அங்கே உட்கார வைக்க வேண்டும் என்று இருக்கிறது. தூக்கம் போய்விட்டது, லேப்டாப்பைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. “நான் போராடுவதா, பேசாமல் போய்விடுவதா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். நீங்கள் பட்ட அவமானத்தை நான்கு பக்கங்களுக்கு விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் மிகுந்த எடை உள்ள மூன்று செய்திகளை ஆளுக்கொரு வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். ராஜினாமா மின்னஞ்சலின் வாசகம், நீங்கள் வேலையில் சேர்ந்த மாதம், நவம்பரில் வந்த ஒரு வீடியோ அழைப்பு ஆகிய அந்த மூன்றைப் பற்றித்தான் இந்தப் பதிலில் அதிகம் பேசப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘நச்சுப் பணிச்சூழல்’ என்று ஒரு குற்றமோ, ‘மேலாளர் கொடுமைப்படுத்தினார்’ என்று தனியாக ஒரு வழக்கோ நம் சட்டத்தில் இல்லை. 2024இல் புனேயில் பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்த சில மாதங்களிலேயே 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர் இறந்ததும், பணிச்சுமையே காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் அதில் தலையிட்டது, விவாதங்கள் நடந்தன, ஆனாலும் அலுவலக நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை மறுக்கும் உரிமை இன்றுவரை சட்டமாகவில்லை. 2018லும் 2025லும் மக்களவையில் தனிநபர் மசோதாவாக வந்ததோடு அது நிற்கிறது. ஆகவே, சூழல் எவ்வளவு கொடியது என்பதை நிரூபிப்பதில் உங்கள் ஆற்றலைச் செலவிடாதீர்கள். வேலையை விட்டு நீக்கிய விதம், தராமல் வைத்த பணம், பெண் என்பதால் நேர்ந்த அவமதிப்பு ஆகியவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் காலக்கெடுவும் இருக்கிறது.

ஐ.டி. ஊழியருக்குச் சட்டம் இல்லையா?

உங்கள் தந்தை சொல்வது ஊரெல்லாம் நம்பப்படும் ஒன்றுதான். என்னிடம் வரும் பொறியாளர்களில் பெரும்பாலானோரும் இதே நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். ஆனால் அது சரியல்ல. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை என்பதைத் தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் ராஜினாமா டிசம்பரில் நடந்திருப்பதால் புதிய சட்டத்தைக் கொண்டே உங்கள் நிலையைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருவோருக்கே கிடைக்கும். தொழில்நுட்ப வேலை செய்பவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அந்த வரையறைக்குள் வருவார். முதன்மையாக நிர்வாகப் பணி செய்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளரும் வரமாட்டார்கள். உங்கள் பதவியின் பெயர் ‘டெக்னிகல் லீட்’. உங்கள் கீழ் நான்கு பேர் இருக்கிறார்கள். நிறுவனம் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். ஆனால் நீதிமன்றம் விசிட்டிங் கார்டில் உள்ள பெயரைப் பார்ப்பதில்லை. நாள் முழுவதும் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்க்கும். அந்த நால்வரின் விடுப்பை அனுமதிப்பது, சம்பள உயர்வை முடிவு செய்வது, வேலைக்கு ஆள் எடுப்பது ஆகிய அதிகாரங்கள் உங்களிடம் இருந்தனவா? பெரும்பாலும் நிரல் எழுதுவதும் மற்றவர் எழுதியதைச் சரிபார்ப்பதும்தான் வேலை என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் நிலை வலுவானது.

இதற்குச் சென்னையிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2015இல் ஒரு பெரிய நிறுவனத்தால் நீக்கப்பட்ட மென்பொருள் பொறியாளர் ஒருவரை ‘மேலாளர் நிலையில் இருந்தவர், தொழிலாளர் அல்லர்’ என்று நிறுவனம் வாதிட்டது. சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏற்காமல், ஊதியத்துடன் அவரை மீண்டும் பணியில் அமர்த்த உத்தரவிட்டது. அந்த உத்தரவு வந்த ஆண்டு 2022 என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏழு ஆண்டுகள். வழக்குத் தொடுப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கணக்கு அது.

தொழிலாளர் அல்ல என்றே வைத்துக்கொண்டாலும் எல்லாக் கதவும் அடைந்துவிடுவதில்லை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. அதன் மீதான மேல்முறையீட்டைத் தொழிலாளர் துறை அதிகாரியே விசாரிப்பார். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதும், கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கின்றன. இரவு 11 மணி வாட்ஸ்அப் செய்திகளைப் பொதுவான கொடுமையாகச் சொல்வதைவிட, இந்த எண்களோடு பொருத்திக் காட்டுவது பயன் தரும்.

அந்த ஒற்றை வரி மின்னஞ்சல்

‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற இரண்டு சொற்களை அவர்கள் சும்மா சொல்லிக் கொடுக்கவில்லை. நிறுவனம் உங்களை நீக்கியிருந்தால், ஒழுங்கு நடவடிக்கையாக இல்லாத எந்த நீக்கமும் பொதுவாக ஆட்குறைப்பாகவே கருதப்படும். அப்போது ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்ச காலம் முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால், உங்களுக்கு அது ஐந்து ஆண்டுகளுக்கான தொகை, அதாவது ஏறக்குறைய இரண்டரை மாத ஊதியம். நீங்களே விலகினால் அதில் ஒரு ரூபாயும் இல்லை. அத்துடன், உங்கள் பாண்டு பத்திரம் ‘ஊழியர் தாமாக விலகினால்’ பணம் கட்ட வேண்டும் என்கிறது. நிறுவனம் நீக்கினால் கட்ட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஆக, ஒரு வரியில் அவர்கள் தர வேண்டியதும் போயிற்று, நீங்கள் தர வேண்டியது ஒன்றும் புதிதாக முளைத்தது.

ஆனால் எழுதிக் கொடுத்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. வருங்காலத் தேதி ஒன்றிலிருந்து நடைமுறைக்கு வரும் ராஜினாமாவை, அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்திய கொள்கை. 1978இன் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கிலிருந்து 2024இன் கொங்கண் ரயில்வே ஊழியர் வழக்கு வரை அதே நிலைப்பாட்டைப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவை அரசு, பொதுத்துறை சார்ந்த வழக்குகள் என்பதையும், தனியார் நிறுவனம் ‘ஏற்றுக்கொண்டுவிட்டோம், இனித் திரும்பப் பெற முடியாது’ என்று வாதிடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இருந்தாலும் உங்களுக்கு வந்த ஏற்புக் கடிதமே நீங்கள் மார்ச் வரை பணியில் இருப்பதாகச் சொல்வதால், திரும்பப் பெறும் கடிதத்தை இப்போதே அனுப்புவதற்குத் தடை இல்லை.

மிரட்டி வாங்கிய ராஜினாமா ராஜினாமாவே அல்ல, அது பணிநீக்கம்தான் என்பதும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட வாதம். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. மூடிய அறையில், கைபேசி இல்லாமல், மூன்று பேர் எதிரே இருக்க நடந்ததை எப்படி நிரூபிப்பீர்கள்? நிகழ்ந்த உடனே, சூடு ஆறுவதற்குள், எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தீர்களா என்பதைத்தான் நீதிபதி முதலில் தேடுவார். ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது. மார்ச்சில் வெளியே வந்த பிறகு ‘மிரட்டினார்கள்’ என்று எழுதினால், அது பின்யோசனை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். உங்கள் கணவர் சொல்லும் ‘பல்லைக் கடித்துக்கொண்டு இரு’ என்ற யோசனையில் எனக்கு உள்ள ஒரே ஆட்சேபம் இதுதான்: இருக்கலாம், ஆனால் பேசாமல் இருக்கக் கூடாது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் யார் முன்னிலையில், என்ன சொல்லி அந்த மின்னஞ்சலை அனுப்ப வைத்தார்கள் என்பதை நான்கைந்து வாக்கியங்களில் எழுதுங்கள். ‘அது என் விருப்பப்படி நடந்ததல்ல. அதைத் திரும்பப் பெறுகிறேன். பணியைத் தொடரத் தயாராக இருக்கிறேன்’ என்று முடியுங்கள். மேலாளரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அலுவலக மின்னஞ்சலில் அனுப்பி, உங்கள் சொந்த முகவரியை மறைநகலில் சேர்த்து, அச்சுப் பிரதி ஒன்றை ஒப்புகை அட்டையுடன் விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள். அலுவலக மின்னஞ்சல் கணக்கை எந்த நிமிடமும் முடக்க முடியும். அஞ்சல் ரசீதை யாரும் முடக்க முடியாது.

பி.ஐ.பி.யைப் பற்றிச் சுருக்கமாக. அது சட்டவிரோதமானதல்ல, நிறுவனம் வேலைத்தரத்தைக் கேள்வி கேட்கலாம். ஆனால் அதில் வைத்த இலக்குகள் அளக்கக்கூடியவையா, அவற்றில் எவற்றை நிறைவேற்றினீர்கள் என்பதற்கு நீங்கள் எழுத்தில் பதில் தந்தீர்களா என்பவை முக்கியம். இனி எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

நவம்பர் மாத வீடியோ அழைப்பு

“இரவு பத்தரைக்கு வீடியோ கால் செய்து, கேமராவைப் போடச் சொல்லி, வீட்டு உடையில் இன்னும் நன்றாக இருக்கிறீர்கள் என்றார், ஒத்துழைத்தால் பி.ஐ.பி. எல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்றார், இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் இது எவ்வளவு கனமானது என்று தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, தொட்டால்தான் துன்புறுத்தல் என்று சொல்லவில்லை. விரும்பத்தகாத பாலியல் தன்மையுள்ள பேச்சும் அதில் அடங்கும். வேலையில் சலுகை தருவதாகவோ கெடுதல் செய்வதாகவோ குறிப்பால் உணர்த்துவதையும் அச்சட்டம் தனியே குறிப்பிடுகிறது. உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாக் கொடுமைகளிலும், சட்டம் நேராகக் கதவு திறந்து வைத்திருப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

புகாரை நிகழ்விலிருந்து மூன்று மாதத்துக்குள், நிறுவனத்துக்குள்ளேயே இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். நவம்பர் நிகழ்வுக்கு உங்கள் முதல் கெடு பிப்ரவரியில் முடிகிறது. பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த நிறுவனத்திலும் இந்தக் குழு இருந்தாக வேண்டும். அதற்கு மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை வகிக்க வேண்டும். வெளியாள் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது உங்களையோ அவரையோ வேறு பிரிவுக்கு மாற்றவும், உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் பரிந்துரைக்கும்படி நீங்கள் கேட்கலாம். ‘நிரூபிக்க முடியாவிட்டால் என் மீதே நடவடிக்கை எடுப்பார்கள்’ என்று அஞ்சுகிறீர்கள். தெரிந்தே பொய்ப்புகார் கொடுத்தால்தான் அப்படி. போதிய ஆதாரம் தர இயலாததை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. பேரத்துக்கு ஒரு கருவியாக மட்டும் இந்தப் புகாரைப் பயன்படுத்தாதீர்கள். நடந்தது நடந்தபடி, ராஜினாமா விவகாரத்தோடு கலக்காமல், தனிப் புகாராகக் கொடுங்கள்.

காவல் நிலையம் போகலாமா?

போகலாம். அறையை விட்டு வெளியேற விடாமல் தடுத்திருந்தால் அதற்கும், மிரட்டியதற்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவுகள் உண்டு. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், ஹெச்.ஆர். அதிகாரியை அழைத்துப் பேசுவார்கள்; ‘வேலைத் தகராறு, லேபர் கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று இரு தரப்பையும் அனுப்பிவிடுவார்கள். மேலாளரை ஸ்டேஷனில் உட்கார வைக்கும் அந்த ஒரு மணி நேர நிறைவுக்காக, நிறுவனத்தோடு பேசித் தீர்க்கும் வாய்ப்பை நீங்கள் இழக்கக்கூடும். அறையில் பூட்டி வைத்தது போன்ற செயல் நடந்திருந்தாலன்றி, இதை முதல் அடியாக எடுத்து வைக்க நான் சொல்லமாட்டேன்.

உங்களுக்கு வர வேண்டிய பணம்

கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, ‘ஐந்து வருஷம் ஆகவில்லை, வராது’ என்று நீங்களே கைவிட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி முடித்திருந்தாலே ஐந்தாண்டு நிறைந்ததாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களுக்குத் தொடர்பணிக்கான கணக்கு 190 நாள். உங்கள் ஐந்தாம் ஆண்டு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. மார்ச் நடுவில் அது ஏறக்குறைய ஏழரை மாதம் ஆகியிருக்கும். உங்கள் அலுவலகம் வாரம் ஐந்து நாள் இயங்குவதால், ஊதியத்துடன் கூடிய விடுப்பு நாள்களையும் வார விடுமுறைகளையும் சேர்த்து 190ஐத் தாண்டிவிட்டீர்கள் என்று வாதிட இடமிருக்கிறது; 240 என்று பார்த்தால் சில வாரங்கள் குறையும். இந்தச் சில வாரங்களுக்காகவே விலகும் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிப் பேசலாம். தொகை சிறியதல்ல: கணக்கில் கொள்ளும் மாத ஊதியம் 45,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆலும் 5ஆலும் பெருக்க, ஏறக்குறைய 1 லட்சத்து 30 ஆயிரம். புதிய சட்டத்தில், மொத்தச் சம்பளத்தில் படிகளின் பங்கு பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும் என்பதால், உங்கள் பழைய அடிப்படைச் சம்பளத்தைவிடக் கூடுதலான தொகை கணக்கில் வரக்கூடும்.

வருங்கால வைப்பு நிதி உங்கள் பணம். அதை நிறுத்தி வைக்க நிறுவனத்துக்கு வழியே இல்லை. அவர்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தாலும், இரண்டு மாதம் கழித்து இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். ஐந்தாண்டுக்கு முன் எடுத்தால் வரி உண்டு. அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. கடைசிக் கணக்கு முடித்துத் தர வேண்டிய தொகையைப் பற்றி, ‘ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாளில் வரும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகினாலும் நீக்கப்பட்டாலும், ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும்.

பாண்டு விஷயத்தில் நீங்கள் இணையத்தில் படித்தது பாதி உண்மை. ‘பாண்டு எல்லாம் செல்லாது’ என்பது தவறு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுப் பணி முடிவதற்குள் விலகிய அதிகாரி 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனைதான் பொதுவாகச் செல்லாது. ஆனால் பத்திரத்தில் எழுதியிருப்பதாலேயே 3 லட்சமும் அப்படியே கிடைத்துவிடாது. பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவானது, அதில் எவ்வளவு காலம் உழைத்துக் கொடுத்துவிட்டீர்கள் என்பதைப் பார்த்து நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். நீங்களாக விலகவில்லை என்று எழுத்தில் பதிவு செய்தபின் அந்தக் கோரிக்கையின் அடித்தளமே ஆடும்.

ஆதாரம் திரட்டும்போது

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்த வரி, ‘புரூஃபுக்காக மொத்த மெயில் பாக்ஸையும், நான் செய்த புரோகிராம்களையும் பென் டிரைவில் எடுத்து வைக்கப் போகிறேன்’ என்பது. தயவுசெய்து வேண்டாம். அனுமதியின்றி நிறுவனக் கணினியிலிருந்து தரவுகளை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளுக்குள் வரக்கூடும். இதுவரை உங்களை நீக்க அவர்களிடம் நல்ல காரணம் இல்லை; பென் டிரைவ் அந்தக் காரணத்தைக் கையில் கொடுத்துவிடும். பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், ஒவ்வோர் ஆண்டின் மதிப்பீட்டுக் கடிதம், பி.ஐ.பி. கடிதம், ராஜினாமா மின்னஞ்சலும் அதன் ஏற்பும், பாண்டுப் பத்திரம் ஆகிய உங்களைப் பற்றிய ஆவணங்கள் மட்டும் போதும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்தக் கைபேசியை மாற்றாதீர்கள்; மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் கையில் இருந்தால் எதிர்த்தரப்பு கேள்வி எழுப்பும்.

என் யோசனை

மூன்று வழிகள் தெரிகின்றன: ராஜினாமாவைத் திரும்பப் பெற்று வேலையைத் தொடர்வது, கௌரவமான நிபந்தனைகளோடு பேசி விலகுவது, வெளியேறிய பின் வழக்காடுவது. முதல் வழியில் நிரந்தரமாக இருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அந்த மேலாளர் அங்கேயே இருக்கிறார். உங்கள் உடலும் போதும் என்று சொல்கிறது. மூன்றாவது வழி உரிமை என்ற அளவில் சரியானது, இ.எம்.ஐ. கட்டும் குடும்பத்துக்கு அது மட்டுமே வழியாக இருக்கக் கூடாது. ஆகவே, முதல் வழியில் தொடங்கி இரண்டாவதில் போய்ச் சேருங்கள் என்பதே என் யோசனை. ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுவிட்டீர்கள் என்றால், நிறுவனம் ஒன்று உங்களை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது தானே நீக்க வேண்டும், அல்லது பேச வர வேண்டும். பெரும்பாலும் பேச வருவார்கள்.

அப்போது தனியாகப் போகாதீர்கள். சென்னையில் ஐ.டி. ஊழியர்களுக்கென்றே தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. அவர்களிடமோ ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ பேசிவிட்டுப் போங்கள். ஒப்புக்கொள்வது எதுவாயினும் எழுத்தில் இருக்க வேண்டும்: இழப்பீட்டுத் தொகை, கிராஜுவிட்டி, பாண்டுத் தள்ளுபடி, ரிலீவிங் லெட்டரின் வாசகம், பின்னணிச் சரிபார்ப்பில் கேட்டால் என்ன பதில் சொல்வார்கள் என்பது. ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி கடைசிப் பக்கத்தில் கட்டாயம் இருக்கும். பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் அதில் கையெழுத்திட வேண்டாம். உள்ளகக் குழுவிடம் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதை இந்த ஒப்பந்தத்தின் விலையாக யாரேனும் கேட்டால், உடனே எழுந்து வந்து உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பேச்சு முறிந்து வெளியே அனுப்பிவிட்டால், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுப்பது அடுத்த படி. உங்கள் அலுவலகம் செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் வந்தால் அம்மாவட்ட அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். 45 நாளில் சமரசம் ஏற்படாவிட்டால் நீங்களே நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு இதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய சட்டத்தில் அது இரண்டு ஆண்டு. விதிகளும் தீர்ப்பாயங்களும் பழையதிலிருந்து புதியதற்கு மாறிவரும் நேரம் என்பதால், மனுவை எந்தப் பிரிவில் தாக்கல் செய்வது என்பதை வழக்கறிஞரே முடிவு செய்யட்டும்.

உடல்நிலையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேனே தவிர, அது கடைசி வேலையல்ல. தூக்கமின்மைக்கும் படபடப்புக்கும் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மருத்துவச் சீட்டு பின்னாளில் ஆதாரமாகவும் உதவும். ஆனால் அதற்காகப் போகாதீர்கள், உங்களுக்காகப் போங்கள். நிறுவனம் ஏற்பாடு செய்துள்ள ஆலோசகரிடம் வழக்கு விவரங்களைப் பேச வேண்டாம். இரவில் தாங்க முடியாமல் போனால் டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

திரும்பப் பெறும் கடிதத்தின் வரைவை எழுதியதும், பாண்டுப் பத்திரத்தின் நகலோடு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, வரும் திங்கட்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். உள்ளகக் குழுவுக்கான புகாரைத் தருவதா என்று நீங்களும் உங்கள் கணவரும் பேசி முடிவெடுக்க, பிப்ரவரி வரை இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.